வெட்டாத தாள்களுக்குள் இருந்த மணி

பழைய பெட்டியைத் திறந்தவுடன் குனிந்து முகர்ந்து பார்க்காதீர்கள். பூஞ்சணம் நெஞ்சில் இறங்கினால் ஒரு மாதம் இருமவைத்துவிடும். மூடியைத் திறந்துவைத்து, ஜன்னலையும் திறந்துவிட்டு, வெளியே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள். நூலகத்தின் பட்டியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய சுலபமான பாடம் இது. சுலபமில்லாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. அன்றன்று பேசியதையும் பார்த்ததையும் நாட்குறிப்பில் எழுதிவைப்பது என் வழக்கம். அதனால் என்ன நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எப்படி நடந்தது என்பதுதான் ஓய்வு பெற்ற பிறகும் விளங்கவில்லை.

பொன்முடிக்குப் போகும் மலைப்பாதையில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலிசெய்தபோது, அங்கே இருந்த வெள்ளைக்காரத் துரையின் புத்தகங்கள் எங்கள் நூலகத்துக்கு வந்தன. என் பக்கத்து மேஜை சரோஜினிக்கு ஊர் அந்த மலையடிவாரத்து வித்துரா. தினமும் பஸ்ஸில் வந்துபோவாள்; பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். பெட்டிகளைப் பார்த்ததும், "மாமி, எங்க மலையிலேர்ந்து வந்த பெட்டியாக்கும். அட்டைப்பூச்சி இருக்கும், காலை நோக்கிக்கோ" என்றாள்.

அட்டைப்பூச்சி இல்லை. புத்தகங்களும் குறைவு. பெரும்பாலும் மெல்லிய பிரசுரங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அச்சானவை. மேலட்டை கிடையாது, நூலால் தைத்திருக்கும், பதினாறு பக்கம், முப்பத்திரண்டு பக்கம். அந்தக் காலத்தில் அங்கே யாருக்கு யார்மேல் கோபம் வந்தாலும் இப்படி ஒன்று அச்சடித்து விற்றிருக்கிறார்கள். கத்தோலிக்கர்களை நாட்டில் எவ்வளவு தூரம் அனுமதிக்கலாம், அரசாங்க சர்ச்சில் சேராதவனுக்கு நகரசபைப் பதவி கொடுக்கலாமா, எந்த வம்சத்து ராஜாவுக்குச் சிம்மாசனம் சொந்தம் என்று மதமும் அரசியலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒருவர் 'கடிதம்' என்று எழுதுவார். அதற்கு இன்னொருவர் 'பதில்'. பதிலுக்கு 'மறுப்பு'. எழுதியவர் பெயர் அநேகமாக இருக்காது. 'உண்மையை விரும்பும் ஒருவர்', 'ஊர் நன்மை நாடும் ஒருவர்' என்றுதான் இருக்கும். பட்டியல் அட்டையில் ஆசிரியர் என்ற இடத்தை நாம் காலியாக விட்டுவிடுவோம்.

எங்கள் மேலதிகாரி ஒரு கட்டைப் புரட்டிவிட்டு, "காலாவதியான சண்டை. நம்பர் போட்டு மூலையில் வையுங்கள்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவற்றில் நான்கு பிரசுரங்கள் மட்டும் ஒரு நாடாவால் சேர்த்துக் கட்டியிருந்தன. நான்கும் ஒரு சிற்றூரின் சண்டை. அறுவடை வேலைக்கு அயர்லாந்திலிருந்து வந்த கூலிக்காரர்கள் தங்கியிருந்த கொட்டகை எரிந்துபோகிறது. அவர்கள் கத்தோலிக்கர்கள். அரசாங்க சர்ச்சைச் சேர்ந்த ஊர்ப் பாதிரியார் அவர்களுக்குச் சர்ச்சின் தானியக் களஞ்சியத்தைத் திறந்துவிடுகிறார். ஊர் இரண்டாகப் பிளக்கிறது. முதல் பிரசுரம், யார் இடத்தை யாருக்குக் கொடுத்தார் என்று கேட்கிறது. இரண்டாவது, அவரே ரகசியமாகக் கத்தோலிக்கராகிவிட்டார், பகலிலும் அவர் வீட்டில் மெழுகுவர்த்தி எரிகிறது, கொல்லைக் கதவு வழியாக அந்நியர்கள் வந்துபோகிறார்கள், கடல் கடந்து இருக்கும் வேறொரு ராஜாவுக்கு ஆள் சேர்க்கிறார் என்கிறது. இந்த இரண்டையும் படித்துக் குறிப்பு எழுதினேன். மூன்றாவதையும் நான்காவதையும் அப்போது படிக்க முடியவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஓடும் கிள்ளியாறு கரை மீறியது.

நாங்கள் குடியிருந்தது வலியசாலையில், அக்ரஹாரத்தில் ஒரு வரிசை வீடு. எனக்கும் பக்கத்து வீட்டு ராமசேஷன் மாமாவுக்கும் நடுவில் ஒரே சுவர். மாமா ஓய்வுபெற்ற டிராப்ட்ஸ்மேன். தெருவின் பஜனை மடத்துக்குக் காரியதரிசி. அவர் இருந்த வீடு மடத்துக்குச் சொந்தமானது. காரியதரிசி என்ற முறையில் இருந்தார். அவர் மனைவி கோமதி மாமி இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தார். இடுப்புக்குக் கீழேதான் முடக்கம், வாய்க்கு இல்லை.

ஆற்றங்கரையில் கொட்டகை போட்டிருந்த கட்டட வேலைக்காரர்கள், நாகர்கோவில் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்த தமிழர்கள், குழந்தைகளோடு தண்ணீரில் நின்றார்கள். ராமசேஷன் மாமா யாரையும் கேட்காமல் மடத்தின் கதவைத் திறந்துவிட்டார். அவர்களில் சிலர் கிறிஸ்தவர்கள். ஒரு பெண் மாதா படத்தைச் சுவரோரம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். அதை வைத்தி பார்த்துவிட்டான்.

வைத்தி ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்த்தவன். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கோமதி மாமியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அவனும் ஒருவன். ஆனால் மடத்தின் விஷயத்தில் அவனுக்கு ஒரு வெறி உண்டு.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தெருவில் ஒரு நோட்டீஸ் வந்தது. 'மடம் யாருடையது? கொடுத்தது யார்?' என்று தலைப்பு. கீழே 'ஓர் உண்மை விரும்பி'. படித்துவிட்டுச் சிரித்தேன். அலுவலகத்துக்கு எடுத்துப்போய் சரோஜினியிடம் காட்டினேன். "பார்த்தியா, துரையோட கட்டுல இருக்கிற முதல் பிரசுரம் மாதிரியே இருக்கு."

"சண்டைன்னா எல்லாம் ஒண்ணு போலத்தானே மாமி" என்றாள்.

அடுத்த நோட்டீஸ் வந்தபோது நான் சிரிக்கவில்லை. ராமசேஷன் ரகசியமாக மதம் மாறிவிட்டார். அவர் வீட்டில் பட்டப்பகலில் மெழுகுவர்த்தி எரிகிறது. கொல்லைக் கதவு வழியாக அந்நியர்கள் வருகிறார்கள். அவர்களை வார்டு வாக்காளர் பட்டியலில் ஏற்றப் பார்க்கிறார். மெழுகுவர்த்தி எரிந்தது உண்மைதான். மழையில் கரண்ட் இல்லை, கோமதி மாமியின் அறையில் ஜன்னல் இல்லை. ஆனால் மெழுகுவர்த்தி, கொல்லைக் கதவு, அந்நியர்கள், ஆள் சேர்ப்பது. அதே வரிசை.

இது வைத்தி எழுதுவதாகத்தான் இருக்கும், நூலகத்தில் யாரோ அந்தக் கட்டைப் படித்து அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். கட்டு இருந்த அலமாரியின் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று சரோஜினியிடம்.

அவளிடம் நேரடியாகவே கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "மாமி, அந்தப் பழைய இங்கிலீஷ் அச்சில எஸ் எல்லாம் எஃப் போல இருக்கு. ஒரு வரி படிக்கிறதுக்குள்ள என் பஸ் போயிடும். சத்தியமா நான் தொட்டதில்ல, கேட்டோ?" என்றாள். பிறகு, "உங்க தெருவில யாருக்காவது வேற பிரதி கிடைச்சிருக்குமோ?" என்று கேட்டாள். எங்களிடம் இருந்த பெரிய நூலகங்களின் பட்டியல்களையெல்லாம் பார்த்தோம். அந்த நான்கு தலைப்பும் எதிலும் இல்லை.

அதற்குள் மூன்றாவது நோட்டீஸ் வந்துவிட்டது. சின்னது, சில வரிகள்தான். 'விளக்கேற்றும் நேரத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு மணி ஒலிக்கிறது. அது நம் மணி அல்ல. காதுள்ளவர்கள் கேளுங்கள்.'

கோமதி மாமிக்கு மணிச்சத்தம் ஆகாது, தூக்கிவாரிப்போடும். அதனால் மாமா பூஜை மணியை மடத்துக்கே கொடுத்துவிட்டிருந்தார். அந்த வீட்டில் மணியே கிடையாது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் மறுநாள் எதிர்வீட்டு மாமிக்குக் கேட்டது. அதற்கு மறுநாள் கோடிவீட்டில் மூன்று பேருக்குக் கேட்டது. சன்னமாக, விட்டு விட்டு வருகிறது என்றார்கள்.

எனக்கும் கேட்டது.

சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். மழை சற்று ஓய்ந்திருந்தது. மெல்லிய ஒலி, மூன்று தடவை. தூரத்திலிருந்து வருவதுபோல இல்லை. பக்கத்தில், ஆனால் எதற்கோ உள்ளே இருந்து வருவதுபோல. கோவில் மணிக்குக் கனம் உண்டு, இது அது இல்லை. தெருவில் சைக்கிள் இல்லை. கொல்லையில் ஆடு மாடு இல்லை. சுவரில் காதை வைத்தேன். மறுபக்கம் மாமா கோமதி மாமிக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டும் குரல்தான் கேட்டது. என் கணவர் வந்ததும் சொன்னேன். "காதுல தண்ணி போயிருக்கும்" என்றார். நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். மறுநாளும் எழுத நேர்ந்தது.

இப்போது மூன்றாவது பிரசுரத்தை ஏன் படிக்க முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அச்சடித்து, மடித்து, அப்படியே தைத்து விற்றுவிடுவார்கள். மடிப்பின் ஓரங்களை வாங்கியவர்தான் கத்தியால் வெட்டிப் படிக்க வேண்டும். வெட்டாவிட்டால் வெளிப்பக்கங்கள் மட்டும் தெரியும். உள்பக்கங்கள் பை போல மூடிக் கிடக்கும். துரையின் கட்டுக்குள் முதல் இரண்டும் வெட்டியவை. மூன்றாவதும் நான்காவதும் வெட்டாதவை. அவற்றை வாங்கியவர் படிக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களும் படிக்கவில்லை.

வெட்டாத பிரதியை வெட்டுவது சின்ன விஷயமில்லை. யாரும் படிக்கவில்லை என்பதற்கு அந்த மடிப்புதான் சாட்சி. வெட்டிவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று. ஆகவே முதலில் சரோஜினியை உட்காரவைத்து, இரண்டு பிரதிகளின் எல்லா ஓரங்களையும் இருவருமாகப் பார்த்தோம். மடிப்பு எங்கும் குலையவில்லை. தாளை வளைத்து உள்ளே எட்டிப் பார்க்க முடிகிறதா என்று டார்ச் வைத்துச் சோதித்தோம். ஓரத்தில் சில எழுத்துகள் தெரிந்தன, ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, மூங்கில் கத்தியால் மூன்றாவதை வெட்டினேன்.

உள்ளே நடுப்பக்கத்தில் இருந்தது. அந்தி நேரத்தில் பாதிரியார் வீட்டிலிருந்து ஒரு சிறிய மணி ஒலிக்கிறது. அது நம் சர்ச்சின் மணி அல்ல. காதுள்ளவர்கள் கேட்கட்டும்.

உரக்கப் படித்தேன். சரோஜினி தன் நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டாள். "மாமி, உங்க தெருவில அந்த நோட்டீஸ் எப்ப வந்தது?"

"போன வாரம்."

"இதை வெட்டினது இப்பத்தானே?"

நான் மூங்கில் கத்தியைக் கீழே வைத்தேன். "நான் இன்னிக்கு நேரத்தோட போறேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்றுமில்லாமல் மறுநாள் நெற்றியில் திருநீறோடு வந்தாள்.

சனிக்கிழமை பஜனை முடிந்ததும் மடத்தில் கூட்டம் போட்டார்கள். வேலைக்காரர்களும் குழந்தைகளும் பின்கட்டில் ஒடுங்கியிருந்தார்கள். ராமசேஷன் மாமா வரவில்லை. மூன்று பிரசுரங்களிலிருந்தும் முக்கியமான இடங்களைத் தமிழில் எழுதி எடுத்துப்போயிருந்தேன். அச்சில் உள்ள ஆதாரத்தைக் காட்டினால் மனிதர்கள் தெளிவார்கள் என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எழுந்து நின்று படித்தேன். "பாருங்கோ, நம்ம நோட்டீஸ்ல வந்ததெல்லாம் எங்கேயோ ஒரு பாதிரியார் மேலே சுமத்தினது. மெழுகுவர்த்தி, கொல்லைக் கதவு, மணி, எல்லாமே" என்றேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "எந்தக் காலம்னு சொன்னேள்?" என்றார்.

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடி."

"சீமையிலே?"

"ஆமாம்."

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டேளா? இருநூறு வருஷமா இந்தக் கிறிஸ்தவா வழக்கமே இதுதான். அப்பவே அச்சுல போட்டிருக்கான்!"

கூட்டம் முழுவதும் தலையாட்டியது. நான் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். நோட்டீஸில் வந்தது பொய் என்று காட்ட நான் கொண்டுபோனது, அது மெய் என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது.

வைத்தி எழுந்தான். "மாமி, நீங்க படிச்சவா. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்காத்துக்கும் மாமா ஆத்துக்கும் ஒரே சுவர். உங்களுக்கு மணி கேட்டதா, கேக்கலையா?"

"அந்த மணி நோட்டீஸை எழுதினது யாருன்னு முதல்ல சொல்லு" என்றேன்.

"முதல் ரெண்டும் நான்தான் எழுதினேன். ஒத்துக்கறேன். மூணாவது நான் இல்லை. சத்தியமா இல்லை. யார் எழுதினா என்ன? கேட்டதா, கேக்கலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் நின்ற நிற்பையே எல்லாரும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். "மாமி பொய் சொல்லமாட்டா" என்றான் வைத்தி. கேலியாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான்.

திங்கட்கிழமை விளக்கேற்றும் நேரத்தில் மாமா வீட்டுக்குப் போய்த் தேடுவது என்று தீர்மானித்தார்கள். மணி இருந்தால் அன்றே வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்வது. "இல்லைன்னா அதோட முடிஞ்சுது, மாமா மாமாவா இருக்கட்டும்" என்றான் வைத்தி. கேட்பதற்கு நியாயமாக இருந்தது. இல்லாத பொருளைத் தேடிவிட்டுப் போகப்போகிறார்கள் என்று எனக்கும் ஒரு ஆறுதல்.

திங்கட்கிழமை காலை அலுவலகம் போனதும் நான்காவது பிரசுரத்தை வெட்டினேன். 'நடந்தவற்றின் மெய்யான விவரம்' என்று தலைப்பு. ஊரார் பாதிரியார் வீட்டுக்குள் மணியைத் தேடப் போகிறார்கள். தரைப் பலகைகளைப் பெயர்க்கிறார்கள். நோயில் கிடந்த மனைவியை நாற்காலியோடு தூக்கி மழையில் தெருவில் வைக்கிறார்கள், கட்டிலுக்கு அடியில் பார்ப்பதற்காக. அந்த அம்மாள் அந்த வாரமே இறந்துபோகிறாள். இதையெல்லாம் எழுதியவர் பெருமையோடு எழுதுகிறார். கடைசிப் பத்தி இப்படி இருந்தது: வீடு முழுவதும் தேடியும் மணி அகப்படவில்லை. அது எத்தனை சாமர்த்தியமாக ஒளிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பாதிரியார் என்ன ஆனார் என்று இல்லை. அவர் எழுதிய பதில் என்று எதுவும் அந்தக் கட்டுக்குள் இல்லை.

சரோஜினி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "போலீஸில் சொல்லு மாமி" என்றாள். சொல்லலாம். போலீஸ்காரர் வருவார், அவரும் மணி இருக்கிறதா என்று பார்ப்பார், இல்லை என்பார். அது போதாது என்பது என் முன்னால் அச்சில் இருந்தது. இல்லாத மணியை இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இருக்கிற ஒரு மணியைத்தான் காட்ட முடியும். அதுவும் நம் மணியாக இருக்க வேண்டும்.

அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் பூஜை மணியை, பிடியில் நந்தி உட்கார்ந்திருக்கும் சின்ன வெண்கல மணியை, துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டைப் பூட்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைச் சொன்னதும் ராமசேஷன் மாமா கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாம்மா. இந்தாத்துல மணி கிடையாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. அது நிஜம். இப்ப மணியைக் கொண்டுவந்து வெச்சா நான் பொய்யன் ஆயிடுவேன்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நீங்க சொன்ன நிஜத்தை யார் கேட்டா?"

"கோமதி..."

"என்னை இந்த மழையில எங்கே தூக்கிண்டு போய்ப் போடுவேள்? உங்க சத்தியத்து மேலயா?" கையை நீட்டினார். "கொண்டா இங்கே."

"உங்களுக்குத் தூக்கிவாரிப்போடுமே மாமி" என்றேன்.

"போடட்டும். நானே அடிச்சா எனக்கு எதுக்குப் போடறது?" பழைய புடவைக் கரையைக் கிழித்து மணியின் பிடியைக் கட்டில் சட்டத்தோடு கட்டச் சொன்னார். பல நாளாக அங்கேயே தொங்குவதுபோலத் தெரிய வேண்டும் என்று, பிடியில் கொஞ்சம் எண்ணெயும் தடவச் சொன்னார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். ஏழெட்டுப் பேர். குடைகளை வாசலில் சாய்த்துவிட்டு ஈரக் காலோடு உள்ளே நுழைந்தார்கள். பூஜை அலமாரி, சமையலறை, அரிசி டின், பரண். கோமதி மாமி அவர்கள் அறைக்குள் வரும்வரை காத்திருந்து, சரியாக வைத்தியின் தலை தெரிந்ததும் மணியை அடித்தார்.

எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

"என்னடா பாக்கறே?" என்றார் மாமி. "ஒரு வாய் தண்ணி வேணும்னா நான் எப்படிக் கூப்பிடறது? மணிச்சத்தம் ஆகாதுதான், ஆனா நானே அடிச்சா ஒண்ணும் பண்ணாது. உங்க மாமாவுக்குக் கூடத்துல உக்காந்தா காது கேக்காது."

வைத்தி கிட்டே வந்து மணியைக் கையில் எடுத்துப் பார்த்தான். நந்தியைத் தடவினான். ஒருதரம் ஆட்டினான். அவன் முகம் மாறவில்லை. "இது இல்லை" என்றான். "நாங்க கேட்டது இதைவிடச் சன்னம்."

பின்னால் நின்றவர்களில் இருவர், "ஆமாம், அது சன்னம்" என்றார்கள். ஒருவன் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். "கட்டிலை நகர்த்தணும்" என்றான். எனக்கு நான்காவது பிரசுரத்தின் வரிகள் அப்படியே கண்முன் வந்தன. அடுத்த வரி எது என்று எனக்குத் தெரியும்.

"படுத்திண்டு அடிக்கறவ கையில அவ்வளவுதான் பலம் இருக்கும்" என்றார் கோமதி மாமி. "சன்னமாத்தான் கேக்கும். சந்தேகம்னா நீ வந்து என் பக்கத்துல படுத்துண்டு அடி. எப்படிக் கேக்கறதுன்னு நான் சொல்றேன்."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருவர், "ஏன் மாமா, மாமி மணி அடிச்சுக் கூப்பிடறாளா, இல்லே உத்தரவு போடறாளா?" என்றார்.

"ரெண்டும்தான்" என்றார் மாமி.

சிரிப்பு பரவியது. கட்டிலை நகர்த்தச் சொன்னவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். வைத்தி மணியை மெல்ல மாமியின் கையருகே வைத்தான். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா" என்றான். ராமசேஷன் மாமா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாரும் குடைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். சாவியை யாரும் கேட்கவில்லை.

இதற்கு நடுவே என் தொழில் சம்பந்தமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாவது, நான்காவது பிரசுரங்களின் பட்டியல் அட்டையில், உள்பக்கங்கள் இந்த நூலகத்தில் வெட்டப்பட்டவை, அதுவரை மடிப்பு குலையாதிருந்தது, இருவர் பார்த்தோம் என்று எழுதி, நானும் சரோஜினியும் கையெழுத்திட்டோம். நீங்கள் போய்ப் பார்க்கலாம். ஒரு பழைய சண்டையின் தாள் உங்கள் கைக்கு வரும்போது, அதைப் பத்திரப்படுத்துங்கள், பட்டியலிடுங்கள், கேட்டவருக்குக் கொடுங்கள். ஆனால் கூட்டத்தின் முன்னால் அதை ஆதாரமாக நீட்டுவதற்கு முன், கேட்கிறவர்கள் எதை நம்ப விரும்பி வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அன்று கடைசியில் உதவியது என் மொழிபெயர்ப்பு அல்ல. ஆதாரம் இல்லாமல், ஒரு கிழவி சொன்ன ஒரு பதில்.

அவர்கள் போனதும் மாமா வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோமதி மாமி மணியைப் போர்வைமேல் வைத்து, அதன் நாக்கைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அப்போது கேட்டது. சன்னமாக, மூன்று தடவை.

மாமியின் கை மணியின் நாக்கை விட்டு அசையவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலி சுவரிலிருந்து வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என் வீடு. வீடு பூட்டியிருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது.

ராமசேஷன் மாமா சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் நாட்குறிப்பில் எழுதவில்லை. கோமதி மாமி சட்டென்று மணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். பலமாக, தெருக்கோடிவரை கேட்கும்படி. "விளக்கை ஏத்துங்கோ" என்றார். மாமா எழுந்துபோய் விளக்கேற்றித் திரும்பும்வரை நிறுத்தவில்லை.

வெள்ளம் வடிந்ததும் வேலைக்காரர்கள் ஆற்றங்கரைக்குத் திரும்பிப் போனார்கள். நோட்டீஸ்கள் நின்றன. மாமா அந்த வீட்டிலேயே இருந்தார். கோமதி மாமி பல வருஷம் கழித்து, அந்தக் கட்டிலில்தான் இறந்தார். அதுவரை ஒரு நாள் தவறாமல் விளக்கேற்றும் நேரத்தில் அந்த மணியை அடித்தார். தண்ணீர் வேண்டும் என்பதற்காக இல்லை. எதற்காக என்று நாங்கள் மூவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அவர் போன மறுவாரம் மாமா மணியைத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். அந்தி நேரம் ஆனதும் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிடுவேன்.